காயல்துறையும் சீன ஏடுகளும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் வீழ்ச்சியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, அதனை வீழ்த்தியவர்கள் எழுதி வைத்தவையே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினான். அவ்வாண்டு மே மாதத்தில் கோட்டை இரண்டாம் முறையாக வீழ்ந்தது. இவையனைத்தும் கம்பெனியின் கடிதங்களிலும், அப்போரில் நேரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகளிலும், பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் பதிவாகியுள்ளன. மக்களின் மனத்தாங்கலையும் பெருமிதத்தையும் கதைப்பாடல்கள் காத்தன. நாளையும் இடத்தையும் பகைவரின் ஏடுகள் காத்தன. ஆங்கிலத்தை நாம் கற்றோம். கற்றதனால்தான் அவ்வேடுகளைத் திறந்து, அவர்கள் எழுதியதை அவர்களுக்கு எதிராகவே வாசிக்கவும் நம்மால் இயன்றது. 1974இல் தமிழக அரசு அங்கு எழுப்பிய நினைவுக் கோட்டைக்குப் பின்னால் அத்தகைய வாசிப்பும் இருக்கிறது.

கால்டுவெலின் அதே நூலில் இன்னொரு பகுதி உண்டு. பாஞ்சாலங்குறிச்சியைத் தேடிச் செல்லும் வாசகர்கள் அதனை எளிதாகத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். கரிசல் காட்டிலிருந்து தூத்துக்குடி வழியாகத் தெற்கே இறங்கினால் தாமிரபரணியின் கழிமுகத்தருகே பழையகாயல் இருக்கிறது. மார்க்கோ போலோ குறிப்பிட்ட ‘காயில்’ துறைமுகம் இதுவே என்று அடையாளம் கண்டவர் கால்டுவெல். அங்கு அவர் மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, பல மைல் தூரத்துக்கு உடைந்த ஓடுகளும் கலத்துண்டுகளும் சிதறிக் கிடந்தன. அவற்றுள் பல சீனப் பீங்கான்கள். பாளையக்காரர் வரலாற்றை எழுதிய அதே கை, அதே மாவட்டத்தின் மண்ணிலிருந்து சீனத்துச் சில்லுகளையும் பொறுக்கி எடுத்தது. முதலாவது செய்தியை நாம் நூறு நூல்களாக விரித்தோம். இரண்டாவதை விரிக்க ஆங்கிலம் மட்டும் போதுமானதாக இல்லை.

காயல், பெரியபட்டினம் ஆகிய துறைகளின் 13, 14ஆம் நூற்றாண்டு வரலாறு நான்கு மொழிகளில் பிரிந்து கிடக்கிறது. பாண்டியர் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. இப்னு பதூதாவின் பயண நூல் அரபியில் உள்ளது. வஸ்ஸாஃப், ரஷீதுத்தீன் ஆகியோரின் வரலாறுகள் பாரசீகத்தில் உள்ளன. தூதுகள், கப்பல்கள், காணிக்கைகள் பற்றிய அரசாங்கக் குறிப்புகளோ சீன மொழியில் உள்ளன. முதல் மூன்றையும் மூலத்திலேயே படிக்கவல்லவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அரபி மதரஸாக்களில் பாரசீகமும் பாடமாக இருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. நான்காவதை நாம் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகவே அறிந்திருக்கிறோம். அதனால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன்.

காயலைப் பற்றிய ஒரு தூதரின் செய்தி

1281ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் குப்ளாய் கானின் தூதர் யாங் திங்பி, சுவான்ஜௌ துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். அரபு நூல்கள் ஸைத்தூன் என்று அழைக்கும் துறைமுகம் அதுவே. அவர் செல்லவேண்டிய இடம் கொல்லம். மூன்று மாதப் பயணத்திற்குப் பின் இலங்கையை அடைந்தபோது காற்று எதிர்த்தது; உணவும் குறைந்தது. மாலுமிகளின் யோசனைப்படி, மஅபர் நாட்டில் இறங்கித் தரைவழியாகக் கொல்லம் செல்ல முடிவாயிற்று. நான்காம் மாதம் அவர் மஅபரின் துறை ஒன்றில் இறங்கினார். மஅபர் என்பது பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு அரபியர் இட்ட பெயர். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். சீன எழுத்தில் அது ‘மா-பா-அர்’ ஆகிறது.

யுவான் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறாகிய ‘யுவான் ஷி’ இந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே கூறுகிறது. நாட்டின் அமைச்சர்கள் இருவர் தூதரைச் சந்திக்கின்றனர். ஒருவர் பெயர் ‘மா-யின்-தி’, மற்றவர் ‘பு-ஆ-லி’. தரைவழி செல்ல அனுமதி கேட்டபோது ஏதேதோ சாக்குகள் கூறி மறுத்துவிடுகின்றனர். அடுத்த மாதம் ஒருநாள் அதிகாலை இருவரும் தூதரின் தங்குமிடத்திற்கு வருகின்றனர். சுற்றியிருந்தவர்களை விலக்கிவிட்டு மனந்திறக்கின்றனர். தாங்கள் கானின் மீது பற்றுள்ளவர்கள் என்றும், ‘ஜா-மா-லி-திங்’ என்பவரை முன்பே சீன அரசவைக்கு அனுப்பியதாகவும், அச்செய்தி கசிந்ததால் தங்கள் பொன்னும் நிலமும் பறிமுதலாகி உயிருக்கே ஆபத்து நேர்ந்ததாகவும், சாதுரியமாகப் பேசித் தப்பியதாகவும் தெரிவிக்கின்றனர். நாடு வறியது என்று சபையில் தாங்கள் சொன்னது பொய் என்றும் ஒப்புக்கொள்கின்றனர். முஸ்லிம் நாடுகளின் பொன்னும் முத்தும் இங்கிருந்தே செல்கின்றன, அந்நாட்டு வணிகர் அனைவரும் இங்கு வருகின்றனர் என்பது அவர்கள் கூற்று. நாட்டின் ஐந்து ‘சுல்தான்’ சகோதரர்களும் அப்போது ‘ஜியா-யி’ என்னுமிடத்தில் கூடி, கொல்லத்தின் மீது போர் தொடுப்பது பற்றி ஆலோசித்துக் கொண்டிருக்கின்றனர் என்பதையும் சொல்லிவிடுகின்றனர்.

ஜியா-யி என்பது காயல். அரபிப் பெயர்களோடு பழகிய எவருக்கும் ஜா-மா-லி-திங் யார் என்று சொல்லித் தரவேண்டியதில்லை; ஜமாலுத்தீன் என்ற பெயர் அந்த நான்கு எழுத்துகளுக்குள் முகம் காட்டி நிற்கிறது. வஸ்ஸாஃப் தம் பாரசீக வரலாற்றில், மஅபருக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் இறக்குமதியானதாகவும், ஒரு குதிரையின் விலை 220 தீனார் என்றும் எழுதுகிறார். அவ்வணிகத்தின் தலைவராக அவர் காட்டுபவர் கீஷ் தீவின் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபீ. அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளை நிருவகித்தார். யுவான் ஷி கூறும் ஜமாலுத்தீனும் வஸ்ஸாஃபின் ஜமாலுத்தீனும் ஒருவரா? மா-யின்-தி என்ற ஒலிக்குப் பின்னால் மறைந்திருப்பது எந்த அரபிப் பெயர்? பாரசீக நூலை மட்டும் படித்தவர் இதற்கு விடை கூற இயலாது. சீன நூலை மட்டும் படித்தவராலும் இயலாது. 13ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்துகள் எவ்வாறு ஒலிக்கப்பட்டன என்று அறிந்தவரும், அரபியரின் பெயர் மரபை அறிந்தவரும் ஒரே மேசையில் அமரவேண்டும். இருவரும் ஒரே மனிதராக இருந்தால் இன்னும் நல்லது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 1281இல் மஅபரில் ‘சுல்தான்கள்’ ஆண்டனர் என்று சீன ஏடே கூறுகிறது என ஒருவர் எழுதிவிடலாம். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால் அப்படித்தான் தோன்றும். மதுரையில் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி தோன்றியது 1330களின் நடுவில்தான். 1281இல் ஆண்டவர்கள் பாண்டியர். மார்க்கோ போலோவும் இந்நாட்டை ஐந்து சகோதர அரசர்கள் ஆண்டதாகவே கூறுகிறார்; பாண்டியர் ஒரே காலத்தில் பலராக ஆண்டதைக் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. அவ்வாறாயின் அச்சொல் அங்கு எப்படி வந்தது? தூதரிடம் பேசிய அமைச்சர்களும் இடையிலிருந்த துபாஷிகளும் முஸ்லிம்கள். அரசனைக் குறிக்க அவர்கள் நாவில் இயல்பாக எழுந்த சொல் சுல்தான். சீன எழுத்தர் அதனைக் கேட்டவாறே எழுதிக்கொண்டார். ஆகவே அச்சொல் ஆட்சியாளரின் மார்க்கத்தைப் பற்றிய சான்று ஆகாது. காயல் கரையில் இராஜதந்திர உரையாடல் எந்த மொழியில் நடந்தது என்பதற்கே அது சான்று. நம் சமூகத்தின் வரலாற்றுக்கு இந்த இரண்டாவது செய்தி முதலாவதைவிட மதிப்பு வாய்ந்தது என்பது என் கருத்து.

பு-ஆ-லியின் பிற்கால வாழ்க்கை இன்னும் வியப்பானது. 1291இல் அவர் பாண்டிய நாட்டை விட்டு வெளியேறிச் சீனத்தில் அடைக்கலம் புகுந்தார். 1299இல் தலைநகரில் இறந்தபின் சுவான்ஜௌவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்காக லியூ மின்ஜோங் என்ற அறிஞர் இயற்றிய நினைவு வாசகம் அவ்வறிஞரின் நூல்தொகுதியில் எஞ்சியுள்ளது. பு-ஆ-லியின் முன்னோர் ஓமன் கரையிலுள்ள கல்ஹாத்தைச் சேர்ந்தவர்கள் என்றும், அவர் தந்தையை அரசர் ஐவரும் தங்கள் ஆறாவது சகோதரராகவே நடத்தினர் என்றும் அது கூறுகிறது. கான் அவருக்குக் கொரிய நாட்டு அமைச்சர் ஒருவரின் மகளை மணமுடித்து வைத்தார். மஅபரின் இளவரசர் என்ற பெயரில் அவர் கொரிய அரசருக்கு அன்பளிப்பு அனுப்பிய செய்தி கொரிய வரலாற்றிலும் உள்ளது. ஓமன் வழியினர், பாண்டியனின் அவையில் வளர்ந்தவர், சீனத்தில் வாழ்ந்தவர், கொரியப் பெண்ணை மணந்தவர். குகனொடும் ஐவரானோம் என்ற மரபைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு, ‘ஆறாவது தம்பி’ என்ற அந்த உறவுமுறை அந்நியமாகத் தோன்றாது. சீனப் புலவர் ஒருவரின் ஏட்டில் அச்சொல் ஏழு நூற்றாண்டுகளாகக் கிடக்கிறது. அந்த வாசகத்தை ஆய்வுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் சென் காவ்ஹுவா என்ற சீன வரலாற்றறிஞர், ஆண்டு 1980.

அக்கரையிலும் இக்கரையிலும் கற்கள்

பு-ஆ-லி அடக்கமான சுவான்ஜௌவில் அதற்கு முன்பே தமிழர் இருந்தனர். 1281 ஏப்ரலில், அதாவது யாங் திங்பி மஅபரில் இறங்கிய அதே வேனிலில், அந்நகரின் சிவன் கோயிலில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. கானின் ஆணைப்படி, அவர் உடல்நலத்திற்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அது. அதன் கடைசியில் ஒரு வரி சீன எழுத்து இருக்கிறது. 1956இல் கிடைத்த அக்கல்லின் தமிழ் வாசகத்தை டி. என். சுப்பிரமணியன் 1978இல் வெளியிட்டார். அதே நகரில் அரபியில் பொறித்த கல்லறைக் கற்களும், ஹிஜ்ரி 400இல் கட்டப்பட்டதாக அரபிக் கல்வெட்டே சொல்லும் பள்ளிவாசலும் உள்ளன. தமிழும் அரபியும் சீனமும் ஒரே துறைமுகத்தில், ஒரே காலத்தில், கல்லில் எழுதப்பட்டன.

இக்கரையில் அதற்கு ஈடாக நிற்பது இலங்கையின் காலிக் கல்வெட்டு. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசர் யோங்லேயின் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே கொண்டுவந்த கல் அது. அவர் யுன்னான் நாட்டு முஸ்லிம். தந்தை ஹாஜி என்றே அழைக்கப்பட்டவர். கல்லின் காலம் 1409, ஹிஜ்ரி 811. சீனப் பகுதி காணிக்கையைப் புத்தருக்கு உரிமையாக்குகிறது. தமிழ்ப் பகுதி அதனைத் தேவிநுவரையின் தெனாவரை நாயனாருக்கு உரிமையாக்குகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் பேசுகிறது. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் பட்டும் நறுமண எண்ணெயுமாகக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. கல் நான்ஜிங்கிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், 1409இல் சீனத் தலைநகரில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும்.

இது தற்செயல் அன்று. 1407இல் மிங் அரசு வெளிநாட்டு மொழிகளுக்கென ஒரு கல்விக்கூடத்தை நிறுவியிருந்தது. ‘ஸீ-யி-குவான்’ என்ற அக்கல்விக்கூடத்தில் எட்டுப் பிரிவுகள் இருந்தன. மங்கோலியம், திபெத்தியம், உய்குர், பர்மியம் ஆகியவற்றோடு ‘ஹுய்-ஹுய்’ என்ற பிரிவும் ஒன்று. முஸ்லிம்களின் மொழி என்ற பொருளில் அங்கு கற்பிக்கப்பட்டது பாரசீகம். அப்பிரிவு தயாரித்த பாரசீக, சீனச் சொற்பட்டியல் இன்றும் உள்ளது. ஷைகு ஸஅதீயின் குலிஸ்தானைப் பாடம் கேட்ட நம் மூத்த ஆலிம் ஒருவரிடம் அதனைக் காட்டினால், அரைப் பட்டியலை உடனே ஓதிக் காட்டிவிடுவார். மற்ற அரைப் பாதிக்குத்தான் ஆள் வேண்டும். ஜெங் ஹேயின் பயணங்களில் மொழிபெயர்ப்பாளராக வந்து, கண்டவற்றை 15ஆம் நூற்றாண்டில் நூலாக எழுதிய மா ஹுவானும் ஒரு முஸ்லிமே.

காயலும் இக்காலத்தில் மறக்கப்படவில்லை. மிங் வம்ச வரலாற்றில் ‘ஜியா-யி-லே’ என்ற தனிக்குறிப்பு இருக்கிறது. 1408இல் ஜெங் ஹே அங்கு அரசாணையுடன் அனுப்பப்பட்டார்; 1411இல் அவ்வூர்த் தலைவர் காணிக்கையுடன் தூதரை அனுப்பினார்; அத்தூதருக்கு விருந்தும் உடையும் பட்டும் பணமுறியும் வழங்கப்பட்டன. தலைவரின் பெயரும் இருக்கிறது: ‘கெ-பு-ஜெ-மா’. காயலின் ஒரு தலைவருடைய பெயரை, அவர் வாழ்ந்த காலத்து அரசாங்கப் பதிவின் வழியாக, நான்கு எழுத்துகளில் நாம் பெற்றிருக்கிறோம். அது தமிழ்ப் பெயரா, அரபிப் பெயரா என்று தீர்மானிக்கும் வேலை நமக்குரியது. பெய்ஜிங்கில் உள்ளவர்களுக்கு அதில் அவசரம் இருக்க நியாயமில்லை.

கற்க வந்தவர்கள்

நாம் சும்மா இருந்த இந்த வேலையைச் செய்ய வந்தவர் ஒரு ஜப்பானியர். நொபோரு கராஷிமா 1961 முதல் 1964 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் தங்கிக் கல்வெட்டியல் பயின்றார். பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்தார். எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் வெளிவந்தது. ஊர்வாரியாக, வார்த்தைவாரியாக எண்ணி எழுதும் பொறுமை அவருடையது. அவரும் தமிழ்நாட்டு அறிஞர்களும் இணைந்து தென்னிந்திய, இலங்கைக் கடற்கரைகளில் சீனப் பீங்கான் சில்லுகளைத் தேடினர். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவ்வூரைக் கல்வெட்டுகள் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று அழைக்கின்றன. அங்கு சோனகர்களின் பள்ளிக்கு நிலக்கொடை அளித்த பாண்டியர் சாசனம் திருப்புல்லாணியில் உள்ளது. சோழரைக் குறிக்கும் சீன நூற்பகுதிகளைக் கராஷிமாவும் தான்சேன் சென்னும் தொகுத்து 2009இல் வெளியிட்டனர். கராஷிமா 2015இல் காலமானார். தமிழும் சீனமும் அறிந்து இரண்டையும் ஒப்பிட்ட ஒருவர் ஜப்பானிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நன்றியோடு கொஞ்சம் வெட்கமும் கலக்கிறது.

இன்னொரு ஜப்பானிய அறிஞரான சுசுமு ஓனோவின் கதை வேறு வகையானது. பழைய ஜப்பானிய மொழிக்குச் சிறந்த அகராதி தொகுத்தவர் அவர். ஜப்பானியம் தமிழோடு உறவுடையது என்று 1980களில் தொடங்கி நூற்றுக்கணக்கான சொல் இணைகளோடு வாதிட்டார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு ஒத்துழைத்தனர். மனோன்மணி அம்மையார் பழைய ஜப்பானியத் தொகைநூலான மன்யோஷூவின் பாடல்களைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. தமிழ் மேடைகளில் மட்டும் அது நெடுங்காலம் கைதட்டல் பெற்றது. மொழியியலாளர்களின் மறுப்பு சரியானது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் என் எண்ணத்துக்கும் கைதட்டியவர்களின் எண்ணத்துக்கும் ஒரே குறைபாடு: இருதரப்புமே ஜப்பானிய மொழியைக் கற்கவில்லை. யாழ்ப்பாணத்து இணையர் போல் அங்கு சென்று மூலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் மிகச் சிலர்.

மொழியறியாமலே ஒரு கதவு திறந்த வரலாறும் உண்டு. அது கரிசல் மண்ணிலேயே பிறந்த ஒருவரால் நிகழ்ந்தது. எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவின் ‘மாடர்ன் ரெவ்யூ’ இதழில் யோனே நொகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஆதாரமாகக் கொண்டு, பதினேழசைக் கவிதையையும் பாஷோவையும் தமிழருக்கு அறிமுகம் செய்தார். (பாளையப் போரில் எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிர்ப்பக்கம் நின்றது என்பது வேறு கதை.) பின்னாளில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் வெளியிட்ட ‘பால்வீதி’யில் ஐக்கூவின் சாயலில் ‘சிந்தர்’ என்று கவிதைகள் எழுதினார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வந்தது. இன்று தமிழில் ஐக்கூ நூல்களுக்குக் குறைவில்லை. பாஷோவை மூல மொழியில் படித்தவர்களுக்குத்தான் குறைவு. கவிதையின் வடிவம் மொழிபெயர்ப்பில் பயணம் செய்யும். வரலாற்று ஆவணம் அவ்வாறு பயணம் செய்யாது. ஐக்கூவில் ஓரசை தவறினால் ஒரு கவிதை கெடும். ஜியா-யியில் ஓரெழுத்தைத் தவறாகப் படித்தால் ஓர் ஊரே இடம் மாறிவிடும்.

பல்கலைக்கழகத்தில்

இந்தியாவில் சீனக் கல்வியின் முதற்பெரும் நிலையம் சாந்திநிகேதனின் சீன பவனம். தாகூரும் தான் யுன்ஷானும் 1937 ஏப்ரலில் அதனைத் தொடங்கினர். அங்கேயே 1994இல் நிப்பான் பவனம் எழுந்தது. 1962 எல்லைப் போருக்குப் பின், 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் தோன்றியது. பின்னர் ஜப்பானியமும் சேர்ந்தது. இன்று அது கிழக்காசிய ஆய்வுத் துறை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் சீனத்திலோ ஜப்பானியத்திலோ இளங்கலை சேரலாம். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாக. கோவில்பட்டியில் படித்த மாணவனுக்கும் மாணவிக்கும் வாசல் அடைக்கப்படவில்லை.

சென்னையில் ஜப்பானியம் கற்போர் இன்று ஏராளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதற்குக் காரணம். ஐந்து படிநிலைகள் கொண்ட தகுதித்தேர்வில் இரண்டாவது, மூன்றாவது படியைக் கடந்தால் வேலை கிடைக்கும். அதில் குறைகாண ஒன்றுமில்லை. பிழைப்புக்காக மொழி கற்பது இழிவன்று. காயல் துறையின் துபாஷிகளும் அதற்காகத்தான் கற்றார்கள். ஆனால் தொழிற்சாலைக்குப் போதுமான மொழி யுவான் ஷிக்குப் போதாது. அவ்வரலாறு எழுதப்பட்டது பழைய இலக்கியச் சீனத்தில். பேச்சு அரபியை மட்டும் துபாயில் கற்றுவந்த ஒருவர் தப்ரீயின் வரலாற்றைத் திறந்து தடுமாறுவது போல, இன்றைய சீனத்தை மட்டும் கற்றவரும் அங்கு தடுமாறுவார். மொழியோடு இலக்கியமும், இலக்கியத்தோடு அரசமைப்பும் பண்பாடும் சேர்த்துப் பயில வேண்டும். அதற்கு ஐந்தாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பும், அதன் பின்னும் சில ஆண்டுகளும் தேவை.

மூலநூல், அதன் மீது விரிவுரை, விரிவுரையின் மீது ஓரக்குறிப்பு என்று படித்துப் பழகிய மதரஸா மாணவருக்கு இந்த முறை புதியதன்று. மத்னும் ஷரஹும் ஹாஷியாவும் கண்டவருக்குச் சீனச் செவ்வியல் நூல்களின் உரை அடுக்குகள் அச்சம் தரா. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்தனர். சீனத்து ஹுய் முஸ்லிம்கள் அதே வேலையைச் சீன மொழிக்குச் செய்தனர். ‘ஷியாவ்ஜிங்’ என்பது அதன் பெயர். மதரஸாப் பாடங்களின் பொருளைச் சீன ஒலியில், அரபி எழுத்தில், நூலின் ஓரத்தில் குறித்து வைத்தனர். அரபிக்கு இல்லாத ஒலிகளுக்கு நாம் புள்ளிகளைக் கூட்டியது போலவே அவர்களும் எழுத்துகளைத் தகவமைத்தனர். இரு கரைகளின் மதரஸாக்களும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தீர்வைக் கண்டன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது ஒரு முனைவர் பட்டத்திற்குத் தாராளமாகப் போதும்.

சீனத்தையும் கல்வியையும் சேர்த்துப் பேசும்போது நம் மேடைகளில் ஒரு ஹதீஸ் உடனே ஒலிக்கும்: சீனம் வரை சென்றேனும் அறிவைத் தேடவேண்டும் என்ற கருத்துடையது. அதன் வாசகம் பிரபலமானது, அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் பைஹகீ குறிப்பிடுகிறார். இப்னுல் ஜவ்ஸீ அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார். ஆதலால் அதனை ஆதாரமாகக் கொள்ளவேண்டாம், தேவையும் இல்லை. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் பதினைந்து நாட்களுக்குள் அதில் தேர்ந்ததும் திர்மிதீயில் பதிவாகியுள்ளன. கடிதங்களை மற்றவர் தயவில் படிக்கவேண்டாம் என்பதே அங்கு கூறப்பட்ட காரணம்.

சீனத்திலேயே இப்பாதையில் நடந்தவர் மா ஜியான். அரபி உலகில் முஹம்மது மகீன் என்று அறியப்பட்டவர். யுன்னானின் ஷாதியான் ஊரில் பிறந்து, மதரஸாக் கல்வி பெற்று, 1931இல் கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் பயின்றார். அங்கிருந்தபோதே கன்பூசியஸின் உரையாடல்களை அரபியில் பெயர்த்து 1935இல் வெளியிட்டார். 1946இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் அரபித் துறையைத் தொடங்கி, இறுதிவரை அங்கு பேராசிரியராக இருந்தார். அவரது திருக்குர்ஆன் சீன மொழிபெயர்ப்பு முழுமையாக அச்சேறியது 1981இல். அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின். கெய்ரோவுக்குச் செல்லும் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வரும் வழியில், அரபியைக் கையில் வைத்துக்கொண்டே சாந்திநிகேதனிலோ டெல்லியிலோ பெய்ஜிங்கிலோ இறங்கினால், கெ-பு-ஜெ-மா என்ற நான்கு எழுத்துகளிலிருந்து தொடங்கலாம்.